கீழ்வயல் நாலு லாரி

ஆகஸ்டு மாதத் தீமிதித் திருவிழாவில் பூக்குழியை விட்டு வெளியே வந்த வேங்கடையா சிரித்துக்கொண்டே வந்தான். இருபத்திரண்டு வருஷமாக அவன் மிதிப்பதைப் பார்த்துவருகிறேன். முகம் இறுகிப்போய், பல்லைக் கடித்துக்கொண்டு, கடைசி இரண்டு எட்டை ஓட்டமாகக் கடந்துதான் பால்குழியில் காலை வைப்பான். அந்த வருஷம் என்னடாவென்றால் லம்பாசா டவுன் மார்க்கெட்டுக்குக் கீரை வாங்கப் போகிறவன்போல ஆற அமர நடந்து வந்தான்.

"அண்ணே, சுடவே இல்ல," என்றான் என் காதருகே. உடம்பெல்லாம் மஞ்சள், வேர்வை. "ஒண்ணுமே தெரியல. கால் இருக்கிறதே தெரியலண்ணே."

"ஆத்தா உன்ன முழுசா ஏத்துக்கிட்டாடா," என்று முதலில் சொன்னது நான்தான். சொன்ன வாய் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதற்கப்புறம் கூட்டம் அவன் காலில் விழுந்தது. அவன் பெண்டாட்டி சகுந்தலா செம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து அவன் பாதத்தில் ஊற்றி, அதே தண்ணீரைத் தன் தலையில் தெளித்துக்கொண்டு அழுதாள். அந்தப் பாதத்தில் ஒரு கொப்புளம்கூடக் கிடையாது. நெருப்பு அவனை ஒன்றும் செய்யவில்லை, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன்.

நான் அப்பல்சாமி. கரும்பு வெட்டும் கேங்குக்குச் சர்தார், தலைவன். எங்கள் கேங்கில் பதினாலு பேர், பதினாலு வயல். ஜூன் மாதம் மில் திறக்கும்போது யங்கோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கலக்கிவைத்து, சுற்றி உட்கார்ந்து குடித்தபடி சீட்டு எடுப்போம். சீட்டில் வரும் வரிசைப்படி ஒவ்வொருத்தன் வயலிலும் எல்லோரும் சேர்ந்து வெட்ட வேண்டும். வர முடியாதவன் தன் கூலியில் பதிலாள் அனுப்ப வேண்டும். ஆளும் வரவில்லை, பதிலாளும் வரவில்லை என்றால் அவன் வயலில் கத்தி இறங்காது. கரும்பு நின்றபடியே நிற்கும். இந்த விதியைப் போட்டது நான். ஆறு வருஷத்துக்கு முன்னால் தன் வயல் முடிந்ததும் நாலு பேர் படுத்துக்கொண்டார்கள், அந்தக் கோபத்தில் போட்டேன்.

அந்த வருஷம் எனக்குப் பதிமூணாம் சீட்டு. வேங்கடையாவுக்குப் பதினாலு, கடைசி.

கடைசிச் சீட்டு வந்தவன் வானத்தைப் பார்த்தபடியேதான் வெட்டுவான். அக்டோபர் முடிவில் மழை பிடித்துக்கொள்ளும், லாரி இறங்காது, மில்லும் மூடிவிடும். வேங்கடையாவுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அவன் நிலத்தின் முப்பது வருஷக் குத்தகை டிசம்பரோடு முடிகிறது. புதுப்பிக்கக் கட்ட வேண்டிய பணம் முழுக்க அந்தக் கரும்பில்தான் நின்றுகொண்டிருந்தது. கட்டாவிட்டால் நிலம் போகும், நிலத்தில் இருக்கிற வீடும் போகும். நிலத்துக்குச் சொந்தமான, இந்தத் தீவின் பூர்வகுடிக் குலத்துக்காரன் எபேலி எங்கள் கேங்கிலேயே வெட்டுகிறவன். இரண்டு பேரும் மச்சான் மச்சான் என்று ஒருத்தனை ஒருத்தன் வாரிக்கொண்டே இருப்பார்கள். "குத்தகை கட்டலன்னா வீட்டை நான் எடுத்துக்குவேன் மச்சான், உன்ன மட்டும் வெளிய விட்டுட்டு சகுந்தலா சமையலை வெச்சுக்குவேன்" என்பான் எபேலி. சிரிப்போம். ஆனால் பணம் நிலக் குத்தகை ஆபீசுக்குப் போய்ச் சேர வேண்டியது என்பதும், எபேலி நினைத்தால்கூட ஒரு டாலர் குறைக்க முடியாது என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

திருவிழா முடிந்த மறுவாரம் நர்ஸ் லிட்டியா வெட்டுக்களத்துக்கே வந்துவிட்டாள். பெரிய உடம்பு, பெரிய குரல். எபேலியின் இனத்துக்காரி என்றாலும் எங்கள் பேச்சை எங்களைவிட நன்றாகப் பேசுவாள். டீ நேரம். நாங்கள் வேலி ஓரத்து மாமர நிழலில் ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் பிரித்துவைத்திருந்தோம். எபேலி வேகவைத்த மரவள்ளியையும் டின் மீனையும் நடுவில் வைத்தான்.

"வேங்கட், சர்க்கரை வியாதி மாத்திரை வாங்க ஏன் வரல?"

"நோன்புல நிறுத்தினேன் சிஸ்டர். இப்ப வேணாம். உடம்பு நல்லாருக்கு."

"யாரு சொன்னா?"

"ஆத்தா சொன்னா. இந்த வருஷம் நெருப்பே சுடல, கேட்டுப் பாருங்க."

லிட்டியா சிரிக்கவில்லை. "சாமி நடக்க வெச்சுது, சரி. எங்க சர்ச்சுலயும் அற்புதம் நடக்கும். மாத்திரைய நிறுத்துன்னும் சொல்லுச்சா?"

வேங்கடையா ரொட்டியைக் கிழித்தபடி இருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "அது இல்ல சிஸ்டர். அந்த மாத்திரையப் போட்டுக்கிட்டு வெயில்ல குனிஞ்சா தலை சுத்துது. கை நடுங்குது. கத்தி எங்க விழுதுன்னு தெரிய மாட்டேங்குது. மாத்திரை போட்டா வேலை இல்ல, வேலை செஞ்சா மாத்திரை இல்ல. நவம்பர்ல மில்லு மூடட்டும், நீங்க குடுக்கிறத எல்லாம் முழுங்குறேன்."

"தலை சுத்துனா வேற மாத்திரை இருக்கு. என்கிட்ட சொன்னாத்தானே மாத்திக் குடுக்க முடியும்? பூட்ஸைக் கழட்டு, காலைப் பாக்கணும். சுடலைன்னு நீ சொல்றதுதான் எனக்கு பயமா இருக்கு."

"சிஸ்டர், அவன் காலைப் பாத்தீங்கன்னா மத்தியானம் சோறு இறங்காது," என்றான் எபேலி. எல்லோரும் சிரித்தோம். லாரி வந்து நின்றது. "நேரமாச்சு, எழுந்திரிங்க," என்று நான் கத்தியைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். நான் சர்தார். "பத்து நிமிஷம் போகட்டும், கழட்டுடா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கழட்டியிருப்பான். சொல்லவில்லை.

செப்டம்பர் கடைசியில் பன்னிரண்டாம் வயலில் வெட்டிக்கொண்டிருந்தோம். வெட்டிய கரும்பின் கட்டை தரையில் ஈட்டிபோல நிற்கும், பார்த்துக் கால் வைக்க வேண்டும். டீ நேரத்தில் வேங்கடையா காலை நீட்டி உட்கார்ந்து, டம்ளரில் சர்க்கரை போட்ட கறுப்பு டீயைக் குடித்துக்கொண்டிருந்தான். அவன் பூட்ஸ் அடியில் விரல் நீளத்துக்கு ஒரு கரும்புக் கட்டை ஏறி நின்றது.

"டேய், கட்டை ஒட்டிக்கிட்டிருக்கு பாரு," என்று பிடுங்கினேன். சுலபமாக வரவில்லை. இழுத்தேன். நுனி சிவப்பாக வந்தது. அவன் டீயை ஒரு வாய் உறிஞ்சி, "என்னண்ணே?" என்றான்.

மற்றவர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மரத்துக்குப் பின்னால் அவனை இழுத்துக்கொண்டுபோய்ப் பூட்ஸைக் கழற்றினேன். காலையில் ஏறிய கட்டையின் புண்ணுக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை. பழசு. கட்டைவிரல் நுழையும். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்து அடைத்து, சகுந்தலாவின் பழைய புடவைத் துணியைச் சுற்றியிருந்தான்.

"எத்தனை நாளாடா?"

"தெரியலண்ணே. வலிச்சாத்தானே தெரியும்? சாக்ஸ் ஈரமா இருக்கேன்னு பாத்தப்பதான் தெரிஞ்சுது."

"ஆஸ்பத்திரிக்குப் போடா பாவி."

"போனா படுக்கச் சொல்லுவாங்க. படுத்தா பதிலாள் வெக்கணும். ரெண்டு வாரக் கூலி குடுத்தா குத்தகைக்கு எங்க போவேன்? ஆள் வெக்கலன்னா என் வயல்ல கத்தி இறங்காது." அவன் என் முகத்தைப் பார்க்காமல் துணியைச் சுற்றினான். "இது முடிஞ்சா உன்னுது. உன்னுது முடிஞ்சா என்னுது. ரெண்டு வாரம், கூட ஒரு வாரம். யார்கிட்டயும் சொல்லாதண்ணே. சகுந்தலாகிட்ட சேத்துப்புண்ணுன்னு சொல்லியிருக்கேன்."

அப்போது என் மனசில் என்ன ஓடியது என்று உள்ளபடி சொல்லிவிடுகிறேன். அவன் கால் பாதி ஓடியது. மீதிப் பாதி என் வயல் ஓடியது. கேங்கிலேயே அவன்தான் கெட்டி ஆள், ஒரு நாளைக்கு நாலு டன் வெட்டுவான். அவன் போய்ப் படுத்தால் என் வயல் இரண்டு நாள் தள்ளிப்போகும், இரண்டு நாளில் மழை வந்தாலும் வரும். "மஞ்சளை நிறையப் போடு," என்று சொல்லி அவன் பூட்ஸை நானே மாட்டிவிட்டேன்.

என் வயல் ஒன்பது நாளில் முடிந்தது. ஒரு சொட்டு மழை இல்லை. கடைசி லாரி ரோட்டில் ஏறித் திரும்பிய சாயங்காலம், வேங்கடையா வெட்டிய வரிசையிலேயே உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் சாய்ந்தான். உடம்பு அனலாகக் கொதித்தது. எபேலி அவனை மூட்டைபோல முதுகில் ஏற்றிக்கொண்டு வேங்கடையா வீட்டுப் படிக்கட்டில் கொண்டுபோய் இறக்கினான்.

பூட்ஸ் கழலவில்லை. கால் அவ்வளவு வீங்கியிருந்தது. கரும்புக் கத்தியால் பூட்ஸைக் கிழித்தோம். நாற்றம் வந்ததும் சகுந்தலா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, நான் வீட்டுக்கு அடியில கீரி செத்துக் கிடக்குன்னுல்ல நெனச்சேன்," என்றாள். "மூணு நாளா ஃபினாயில் ஊத்திக்கிட்டிருக்கேன். புழுக்கமா இருக்குன்னு வெராண்டாவுல படுத்துக்கிட்டாரு. என்கிட்ட மறைக்கத்தான் படுத்துக்கிட்டாரா?"

டாக்ஸி வரும்வரை அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணே, உங்களுக்குத் தெரியுமா?"

பொய் சொல்ல வாய் வந்தது.

"தெரியும்மா."

"எத்தனை நாளா?"

"பன்னெண்டு நாள்."

"உங்க வயல் எத்தனை நாள்?"

கணக்குத் தெரியாமல் அவள் கேட்கவில்லை.

"உங்க கரும்பு போயிடுச்சுல்ல? நல்லா இருங்கண்ணே," என்றாள். அவள் காறித் துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டு போயிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டரம்மா. பொறுமையாகச் சொன்னாள். இரண்டு விரல் ஏற்கனவே செத்துவிட்டது, கிருமி மேலே ஏறுகிறது. ஒரு வாரம் ஊசி போட்டுப் பார்க்கலாம். நின்றால் விரலோடு போகும். ஏறினால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் உயிர்.

வேங்கடையாவுக்கு ஊசியில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. "கரும்பு முடியட்டும் டாக்டர்," என்றான். "அதுக்கு முன்னாடி கையெழுத்துப் போட மாட்டேன்."

"கரும்பு முக்கியமா, காலா?" என்றாள் டாக்டரம்மா.

"கால் இருக்கிற வரைக்கும் நான் வெட்டுக்காரன். காய்ச்சல்ல படுத்திருக்கேன், எந்திரிச்சு வந்துருவேன்னு கேங்கு காத்திருக்கும். காலை எடுத்துட்டா நான் எந்த ஊரு ஆளு? ஆளில்லாத வயல்ல கத்தி இறங்காது." என் பக்கம் திரும்பினான். "சர்தாரைக் கேளுங்க. விதி போட்டது அவருதான்."

லிட்டியா தகவல் கேட்டு வந்திருந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் நல்ல காலைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கே நான் உன் பூட்ஸைப் பிடுங்கியிருக்கணும் வேங்கட்."

"ஆத்தா மேல தப்பில்ல சிஸ்டர்," என்றான் அவன். "நடக்க வெச்சா. நான்தான் அதை மருந்துன்னு நெனச்சுட்டேன்."

மறுநாள் கேங்கைக் கூட்டினேன். பதிமூணு வயலும் முடிந்துவிட்டது, இனி அவனவன் வீட்டில் காலை நீட்டிக்கொள்ளலாம் என்ற நேரம். "வேங்கடு வயலை வெட்டணும். ஆளும் இல்ல, பதிலாளும் இல்ல. விதியை நானே எடுத்துடறேன்," என்றேன்.

ராம்ரெட்டிக்குப் பொறுக்கவில்லை. "போன வருஷம் எனக்கு டெங்கு வந்தப்ப நான் பதிலாளுக்குக் கூலி குடுத்தேன் சர்தார். அப்ப விதி இருந்துச்சு. இப்ப எங்க போச்சு?"

அவன் கேட்டது நியாயம்தான். எபேலி யங்கோனாச் சிரட்டையைக் கீழே வைத்தான். "மச்சான் ஒரு காலைக் குடுக்கப் போறான். அதுக்கு மேல என்ன பதிலாள் கேக்குற?" என்றான். ராம்ரெட்டி தலையைக் குனிந்துகொண்டான். மறுநாள் காலை ஐந்து மணிக்கு முதல் ஆளாக வயலில் நின்றது அவன்தான்.

ஐந்து நாள் வெட்டினோம். ரோட்டை ஒட்டிய மேல்வயலில் பத்தொன்பது லாரி போனது. ஓடைக்கரையில் இருக்கிற கீழ்வயலை வெட்டி முடித்த அன்று சாயங்காலம் மழை பிடித்தது. நின்று நிதானமாகப் பெய்தது. காலையில் ஒரு லாரியை இறக்கிப் பார்த்தோம். பாதிச் சக்கரம் சேற்றில் புதைந்து, டிராக்டர் கட்டி இழுத்து மேலே ஏற்றினோம். நாலு லாரிக் கரும்பு வெட்டினபடியே சேற்றில் கிடந்தது. வெட்டிய கரும்பு நாள் கடந்தால் புளித்துப்போகும், மில்லில் எடுக்க மாட்டார்கள். அந்த நாலு லாரி இல்லாவிட்டால் குத்தகைப் பணம் குறையும்.

அன்று பத்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து சகுந்தலா போன் பண்ணினாள். என்னோடு அவள் பேசி எட்டு நாள் ஆகியிருந்தது.

"மேல ஏறிடுச்சாம். இன்னிக்கே எடுக்கணுமாம். கையெழுத்துப் போட மாட்டேங்குறாரு. கரும்பு முடிஞ்சுதா, கரும்பு முடிஞ்சுதான்னு ஒரே பேச்சு. வாங்கண்ணே. நான் சொன்னா நம்ப மாட்டாரு."

வார்டு வாசலில் நின்றிருந்தாள். ஒரே வாரத்தில் கன்னம் ஒட்டிவிட்டது.

"என்ன சொல்லப் போறீங்க?"

"முடிஞ்சுதுன்னு."

"முடிஞ்சுதா?"

"கீழ்வயல் கிடக்கு. நாலு லாரி. வெட்டியாச்சு, எடுக்க முடியல."

அவள் ஜன்னல் வழியே மழையைப் பார்த்தாள். "சரி, வாங்க," என்றாள்.

வேங்கடையா சுருங்கிப்போயிருந்தான். போர்வைக்கு வெளியே கிடந்த கால் கணுக்கால்வரை கறுப்பு. தலைமாட்டில் டாக்டரம்மா காகிதத்தோடு நின்றிருந்தாள்.

"முடிஞ்சுதுடா," என்றேன். "எல்லாம் போயாச்சு. கையெழுத்தைப் போடு."

"எத்தனை லாரி?"

"இருபத்தி மூணு." அவன் வயலில் அவ்வளவுதான் வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் தயங்காமல் சொன்னேன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தான். காய்ச்சலில் கிடந்தாலும் விவசாயிதானே. "நேத்துலேருந்து மழை," என்றான். "இங்க தகரத்துல விழுற சத்தம் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். கீழ்வயல்ல லாரி எப்படிண்ணே இறங்குச்சு?"

இருபது வருஷமாகச் சர்தார், ஒரு பொய்யை முழுசாகச் சொல்லத் தெரியவில்லை.

"இறங்கல," என்றாள் சகுந்தலா. "நாங்க சுமந்து ஏத்தினோம்."

அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான்.

"நாங்கன்னா?"

"எல்லாரும். எபேலி அண்ணன், ராம்ரெட்டி அண்ணன், சர்தார். நானும்தான். நாலு லாரியும் தலையில சுமந்து ரோட்டுக்குக் கொண்டுவந்தோம். போதுமா?"

அவள் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். வழவழவென்றிருந்தது. ஒரு வாரமாக அவனுக்குத் துணி நனைத்துப் போட்ட கை. கரும்பு சுமந்த கை எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாதா? அந்தக் கையை மூடித் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். பிறகு டாக்டரம்மாவிடம், "பேனாவைக் குடுங்கம்மா," என்றான்.

மத்தியானம் இரண்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். ஐந்து மணிக்கு வெளியே வந்தான், மயக்கத்தில். லிட்டியா தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

மறுநாள் விடிந்ததும் கீழ்வயல் சேற்றில் கேங்கு மொத்தமும் நின்றோம். நான் கூப்பிட்டேன், ஒருத்தன்கூட ஏன் என்று கேட்கவில்லை. தூறல் விடவில்லை. முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய சகுந்தலா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு வரப்பில் வந்தாள்.

"நீ எதுக்கும்மா வந்த? நாங்க பதிமூணு பேர் இருக்கோம். போய் அவன் பக்கத்துல இரு," என்றேன்.

"தூக்க ஊசி போட்டிருக்காங்க, தெளிய மத்தியானம் ஆகும்னாங்க. முழிச்சதும் என் கையத்தான் பாப்பாரு," என்றாள். "தூக்கிவிடுங்கண்ணே."

எபேலி சட்டையைக் கழற்றிச் சும்மாடாகச் சுருட்டி அவள் தலையில் வைத்தான். பத்துக் கரும்பை ஒரு கட்டாகக் கட்டி, நானும் அவனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டோம். கழுத்து ஒருமுறை ஆடி நின்றது. பிறகு சேற்றில் ஒவ்வொரு காலாகப் பிடுங்கிவைத்து, ரோட்டில் நின்ற லாரியைப் பார்த்து அவள் முன்னால் நடந்தாள், நாங்கள் எங்கள் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தோம்.